புதிய எழுத்தாளரும் வாக்களிக்கும் வாசகரும் – விஞ்ஞானப் புனைகதைப் பரிசில்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலக்கியப் பரிசில்களின் வரலாறு பெரும்பாலும் பரிசில் பெற்றோரின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பரிசிலைத் தீர்மானித்தவர் யாவர், தீர்மானிக்கு முன் அவர்கள் எவற்றை வாசித்திருந்தனர், அவை அவர்தம் கைகளுக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தன என்னும் வினாக்கள் அப்பட்டியலுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. நடுவர் குழுவொன்று தீர்ப்பளிக்கும் பரிசில்களில் இம்மறைவு பெருங்கேடு செய்வதில்லை. நடுவர்க்கு நூல்கள் அனுப்பப்படுகின்றன. அவற்றை வாசிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால், பரந்து கிடக்கும் வாசகர் கூட்டமொன்று வாக்களித்து வழங்கும் பரிசிலைப் பொறுத்தவரை அவ்வினாக்களே வரலாற்றின் மையமாகிவிடுகின்றன. வாக்காளர் வாசித்திராத படைப்பு, எத்துணைச் சிறப்புடையதாயினும், அப்போட்டியில் இல்லாத படைப்பே ஆகும்.

ஆங்கில விஞ்ஞானப் புனைகதை உலகில் வழங்கும் ஹியூகோ பரிசிலும், அதனோடு சேர்த்து வாக்கெடுக்கப்படும் சிறந்த புதிய எழுத்தாளருக்கான பரிசிலும் இவ்வகையின. பெயர் பெற்ற எழுத்தாளரை வாக்காளர் தாமே தேடிச் செல்வர். புதியவரை அவ்வாறு தேடுவார் இலர். எனவே, தம் சிறுகதைகளை வாக்காளர் முன் கொண்டு சேர்க்கும் பொறுப்பு புதிய எழுத்தாளர் மீதே காலந்தோறும் வந்து விழுந்துள்ளது. அச்செயல் வாக்கு இரத்தலா, அல்லது நேர்மையான வாக்களிப்புக்கு இன்றியமையாத முன்னீடா என்பது இத்துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்காகும். அதனை வரலாற்று அடிப்படையிலேயே தெளிந்துகொள்ளல் கூடும்.

1

வாக்களிக்கும் வாசகர் கூட்டம் ஒருநாளிற் தோன்றியதன்று. ஹியூகோ கேர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்ரோரிஸ்' என்னும் சஞ்சிகையை நியூயோர்க்கில் தொடங்கினார். விஞ்ஞானப் புனைகதைக்கெனவே ஆங்கிலத்தில் எழுந்த முதற் சஞ்சிகை அதுவெனக் கொள்ளப்படுகின்றது. அதன் வாசகர் கடிதப் பகுதியில் கடிதம் எழுதியோரின் முகவரிகளும் அச்சிடப்பட்டன. சிறு செயலாகத் தோன்றும் இதன் விளைவு பெரிது. ஆசிரியருக்கு எழுதிய வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தலைப்பட்டனர். பின்னர்ச் சங்கங்கள் அமைத்தனர். தம் கைப்பட அச்சிட்ட சிறு பத்திரிகைகளைத் தபாலிற் பரிமாறிக்கொண்டனர். 1939 இல் நியூயோர்க்கில் முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடியது. அங்குக் கூடியோர் சில நூற்றுவரே. எனினும், தம் இலக்கியத்தைத் தாமே மதிப்பிடும் உரிமை தமக்குண்டு என்ற உணர்வு அச்சிறு கூட்டத்திடம் வேரூன்றியிருந்தது.

1953 இல் பிலடெல்பியாவிற் கூடிய 11ஆவது மாநாட்டில், கேர்ன்ஸ்பாக்கின் முதற்பெயரால் அறியப்படும் ஹியூகோ பரிசில் முதன்முதலாக வழங்கப்பட்டது. 1954 இல் அது வழங்கப்படவில்லை. 1955 தொடக்கம் ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வருகின்றது. மாநாட்டின் அங்கத்தவராகக் கட்டணஞ் செலுத்தும் எவரும் வாக்களிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. அந்த முதலாண்டிலேயே புதிய எழுத்தாளர் அல்லது ஓவியருக்கெனத் தனிப் பரிசிலொன்றும் இருந்தமை கவனிக்கத்தக்கது. அதனைப் பெற்றவர் பிலிப் ஹோசே ஃபார்மர். 1956 இல் நம்பிக்கையூட்டும் புதிய எழுத்தாளராகத் தெரிவு செய்யப்பட்ட ரொபேட் சில்வர்பேர்க்கிற்கு அப்பொழுது வயது 21.

2

ஃபார்மரின் வெற்றிக்குப் பின்னாலுள்ள நிகழ்ச்சி இப்பொருளின் உயிர்நாடியைத் தொடுகின்றது. அவருக்குப் பெயர் தேடித் தந்த 'த லவர்ஸ்' என்னும் கதையை அக்காலத்துப் பெரும் ஆசிரியர் இருவர் ஏற்க மறுத்தனர். ஒருவர் 'கலக்ஸி' சஞ்சிகையின் எச்.எல். கோல்ட், மற்றவர் 'அஸ்ரவுண்டிங்' சஞ்சிகையின் ஜோன் டபிள்யூ. கம்பல். பூமியைச் சேர்ந்த மனிதனுக்கும் வேற்றுலக உயிருக்கும் இடையே எழும் காமத்தைப் பொருளாகக் கொண்ட அக்கதை, ஈற்றில் 1952 இல் 'ஸ்ராட்லிங் ஸ்ரோரிஸ்' என்னும் சஞ்சிகையிலே வெளிவந்தது. மறு ஆண்டு வாசகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர்.

அக்காலத்திற் புதிய எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே இருந்த ஒரே வாயில் சஞ்சிகையே. அவ்வாயிலின் காவலர் ஆசிரியர். 1937 இன் இறுதியில் 'அஸ்ரவுண்டிங்' ஆசிரியப் பொறுப்பை ஏற்ற கம்பல், 1971 இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அசிமோவ், ஹைன்லைன் முதலியோரை வளர்த்தெடுத்த பெருமை அவருக்குண்டு. வாசகர் தீர்ப்பை அவர் புறக்கணித்தவருமல்லர். ஒவ்வோர் இதழின் கதைகளையும் வாசகர் எவ்வாறு வரிசைப்படுத்தினர் என்பதைக் காட்டும் பகுதியொன்றை அவர் தம் சஞ்சிகையில் நடத்திவந்தார். ஆயினும், வாசகர் வரிசைப்படுத்தியவை யாவும் அவரே முன்னர்த் தேர்ந்து அச்சிட்டவை என்பதை மறத்தலாகாது. அவர் விலக்கிய கதை அவ்வரிசையில் ஈற்றிடத்தைத்தானும் பெறுதற்கில்லை.

எனவே, 1953 இன் வாக்களிப்பு ஓர் உண்மையை உணர்த்திற்று. பெருஞ்சஞ்சிகை மறுத்ததைச் சிறுசஞ்சிகை ஏற்க, அதனை வாசித்த வாசகர் வாக்களிக்க, ஆசிரியரின் தீர்ப்பு வாசகரின் தீர்ப்பால் திருத்தப்படுதல் கூடும். ஆனால் அத்திருத்தம் நிகழ்தற்கு அக்கதை எங்கேனும் ஓரிடத்தில் வெளிவந்து, வாக்காளரின் கண்ணிற் பட்டிருத்தல் வேண்டும்.

3

கம்பல் மறைந்தபின் 1973 இல் அவர் பெயரால் இரு பரிசில்கள் தோன்றின. ஒன்று சிறந்த நாவலுக்கானது. அதனைத் தீர்மானித்தது நடுவர் குழு. மற்றையது சிறந்த புதிய எழுத்தாளருக்கானது. பெயர் மாறிய அவரது சஞ்சிகையாகிய 'அனலொக்'கின் வெளியீட்டாளரான கொண்டே நாஸ்ட் நிறுவனம் இதற்கு ஆதரவளித்தது. தீர்மானித்தவரோ ஹியூகோ வாக்காளர். ஒரே மனிதரின் நினைவாக ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு பரிசில்களும் இலக்கிய மதிப்பீட்டின் இருவேறு கொள்கைகளைப் பிரதிபலித்தன எனலாம். கதவடைக்க வல்லவராயிருந்த ஆசிரியரின் பெயராலேயே வாசகர் புதியவருக்குக் கதவு திறக்கும் நிலை ஏற்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

புதிய எழுத்தாளர் பரிசிலின் விதி கடுமையானது. முதற் படைப்பு தொழில்முறை வெளியீடொன்றில் வந்த பின்னர், ஏறத்தாழ ஈராண்டுக் காலத்துக்கே ஒருவர் தகுதியுடையவர். சிறுகதை எழுதுவோருக்கு இவ்விதி தரும் நெருக்கடி தெளிவானது. நான்கைந்து கதைகள், அவையும் வெவ்வேறு சஞ்சிகைகளில், மாதங்கள் இடையிட்டு வெளிவந்திருக்கும். அவற்றையெல்லாம் வாசித்து, அவை ஒரே கையின் ஆக்கங்கள் என நினைவிற் கொண்டு வாக்களிப்போர் எத்தனை பேர்?

முதற் பரிசிலை ரொறன்ரோ மாநாட்டில் ஜெரி போர்னெல் பெற்றார். அவ்வாண்டு இறுதிப் பட்டியலில் இருந்து தோல்வியுற்றோருள் ஜோர்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் ஒருவர். லீசா டட்டில் இன்னொருவர். அவர் மறு ஆண்டு ஸ்பைடர் ரொபின்சனோடு சமநிலையில் வென்றார். தோல்வியுற்ற மார்ட்டினே இத்தகைய எழுத்தாளரை வாசகரிடம் கொண்டுசெல்லும் முயற்சியில் இறங்கினார். 1973 இன் இறுதிப் பட்டியலில் இருந்தோரின் புதிய கதைகளைக் கொண்டு அவர் தொகுத்த 'நியூ வொய்சஸ் இன் சயன்ஸ் ஃபிக்ஷன்' என்னும் நூல் 1977 இல் வெளிவந்தது. பின்னைய ஆண்டுகளின் எழுத்தாளருக்கும் அவ்வரிசையில் தொகுதிகள் வந்தன. இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும், வாக்களிப்பு முடிந்து நான்கு ஆண்டுகளின் பின்னரே முதல் தொகுதி வெளிவந்தது. வாசகருக்கு அது பயன்பட்டது. 1973 இன் வாக்காளருக்கு அது உதவியிருக்க முடியாது. அச்சுத்தொழிலின் வேகமும் வாக்குப்பெட்டியின் வேகமும் ஒத்துச் செல்லவில்லை.

இவ்விடைவெளியில் நாவலாசிரியர் முன்னேறினர். 1977 இல் வென்ற சி.ஜே. செரியின் நாவல்கள் மலிவுப் பதிப்புகளாக முன்னைய ஆண்டில் வெளிவந்திருந்தன. ஒரு நூலை வாங்கினால் ஓர் எழுத்தாளரை அறிந்துகொள்ளலாம் என்பது நாவலின் வசதி. சிறுகதையாசிரியர் முற்றாகத் தோற்றுவிட்டனர் என்பதன்று. டெட் சியாங்கின் முதற் கதையாகிய 'டவர் ஒவ் பபிலோன்' 1990 இல் 'ஒம்னி' என்னும் சஞ்சிகையில் வெளிவந்து, எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களிக்கும் நெபியூலா பரிசிலையும் பெற்றது. 1992 இல் அவர் புதிய எழுத்தாளர் பரிசிலைப் பெற்றார். ஒரு சில கதைகளே அவருக்குப் போதுமாயிருந்தன. ஆனால், 'ஒம்னி' விஞ்ஞானப் புனைகதை வட்டத்துக்கு அப்பாலும் பரவியிருந்த சஞ்சிகை என்பதையும் இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

4

இந்நிலையை மாற்றியது இணையம். அம்மாற்றம் இரு கட்டங்களாக நிகழ்ந்தது; அவற்றை வேறுபடுத்திக் காண்பது அவசியம். இப்பரிசில்களின் வாக்களிப்பு இரு படிகளைக் கொண்டது. முதலில் அங்கத்தவர் பெயர்களை முன்மொழிகின்றனர். மிகுந்த ஆதரவு பெற்றோர் இறுதிப் பட்டியலில் இடம்பெற, அதன்மீது இரண்டாவது வாக்களிப்பு நடைபெறுகின்றது.

இரண்டாவது படிக்கான தீர்வு முதலில் வந்தது. 2000களின் பிற்பகுதியில், 2006 இன் புதிய எழுத்தாளர் பரிசிலைப் பெற்ற ஜோன் ஸ்கால்சி, இறுதிப் பட்டியலிலுள்ள படைப்புகளை மின்வடிவில் திரட்டி வாக்காளருக்கு வழங்கும் வழக்கத்துக்கு வித்திட்டார். பின்னர் மாநாட்டுக் குழுக்களே அதனைப் பொறுப்பேற்று நடத்தின. தாம் வாக்களிக்கும் படைப்பை வாசித்தறிவதற்குப் பணமோ தூரமோ இனித் தடையாகாது என்னும் நிலை ஏற்பட்டது.

ஆனால், முதற்படியில் இருந்த இடர் இதனால் நீங்கவில்லை. முன்மொழியப்பட்ட பின்னரன்றோ அத்திரட்டில் இடம் கிடைக்கும்? முன்மொழியப்படுவதற்கு முன்னர் வாசிக்கப்படுவது எங்ஙனம்? இவ்விடத்திலேதான் புதிய எழுத்தாளர் தம் கதைகளைத் தாமே பகிரலாயினர். ஆண்டிறுதியில் தாம் வெளியிட்ட கதைகளின் பட்டியலை அறிவித்தலும், அவற்றை இலவசமாக வாசிக்கத் தருதலும் வழக்கமாயின. 2010களில், தகுதியுடைய புதியவர் பலரின் கதைகளை ஒன்றாகத் திரட்டி, முன்மொழிவுக் காலம் முடியுமுன் மின்னூலாக வழங்கும் முயற்சிகள் தோன்றின. எஸ்.எல். ஹுவாங், கேர்ட் ஹன்ட் ஆகியோர் 2016 இல் தொகுத்த 'அப் அண்ட் கமிங்' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதில் 120 எழுத்தாளரின் ஆக்கங்கள் இடம்பெற்றன. சொற்றொகை சுமார் 11 இலட்சம். மார்ட்டினின் தொகுதி வாக்களிப்புக்கு நான்காண்டு பிந்தி வந்தது. இது வாக்களிப்புக்கு முன்னரே வந்தது. வரலாற்று நோக்கில் இது பெரும் புரட்சியாகும்.

எனினும், 11 இலட்சம் சொற்களைச் சில வாரங்களில் வாசிப்பார் யார் என்ற கேள்வி எழாமற் போகாது. முன்னர் கிடைக்காமையால் மறைந்திருந்த எழுத்தாளர் இப்பொழுது மிகுதியால் மறையும் ஆபத்துத் தோன்றிற்று. தன் கதையைத் தானே எடுத்துக் காட்டுதல் அடக்கமின்மை எனச் சிலர் முகஞ்சுளித்தனர். அடக்கம் நற்பண்பே. ஆயின் பெயர் பெற்றோருக்கு அது செலவற்ற பண்பு. அவரைப் பற்றிப் பிறர் பேசுவர். அறியப்படாதவர் அடக்கங் காத்தால் அவர் அறியப்படாதவராகவே இருந்துவிடுவர்.

5

கதையைப் பகிர்தல் ஒன்று. வாக்கைத் திரட்டுதல் வேறொன்று. இவ்வேறுபாட்டை 2013 முதல் நிகழ்ந்தவை நன்கு புலப்படுத்தின. 2011 இன் புதிய எழுத்தாளர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று வெற்றி பெறாத லாரி கொரெயா, 'சாட் பப்பீஸ்' எனப் பெயரிய இயக்கமொன்றைத் தொடங்கினார். சிறு குழுவொன்றின் சுவையே பரிசில்களை ஆள்கின்றது என்பது அவ்வியக்கத்தாரின் முறைப்பாடு. அம்முறைப்பாடு விவாதத்துக்குரியது. ஆனால் அவர்கள் கையாண்ட வழி, வாக்காளர் முன் ஒரு பெயர்ப்பட்டியலை வைத்தல். அவர்களோடு போட்டியாகவும் துணையாகவும் எழுந்த இன்னொரு கூட்டமும் அத்தகைய பட்டியலை வெளியிட்டது. 2015 இல் இறுதிப் பட்டியலின் பெரும்பகுதியை இப்பெயர்களே நிரப்பின. புதிய எழுத்தாளர் ஐவருள் நால்வர் பட்டியல்வழி வந்தோர்; வெற்றி பெற்றவர் எஞ்சிய ஒருவராகிய வெஸ்லி சூ. அவ்வாண்டு 5,950 பேர் வாக்களித்தனர். ஐந்து பிரிவுகளில் 'பரிசில் இல்லை' என்பதே முதலிடம் பெற்றது.

இவ்விளைவிற் பாதிக்கப்பட்டோர் யார் என்பது சிந்திக்கத்தக்கது. பட்டியலில் இடம்பெற்ற எழுத்தாளரின் படைப்புகளைப் பலர் படைப்புகளாக நோக்கவில்லை. ஆதரித்தோருட் பலர் பட்டியலுக்காக ஆதரித்தனர். எதிர்த்தோருட் பலர் பட்டியலுக்காக எதிர்த்தனர். அவற்றுள் தகுதியுடைய கதை இருந்திருப்பின், அதற்குரிய நியாயமான வாசிப்பு அதற்குக் கிடைத்தது எனக் கூறுதற்கில்லை. வாசியாது அளிக்கும் வாக்கு வென்றவருக்கும் பெருமை தருவதில்லை. தோற்றவருக்கும் நீதி செய்வதில்லை.

இதன்பின் விதிகள் திருத்தப்பட்டன. 2017 முதல் முன்மொழிவைக் கணக்கிடும் முறை மாறியது. ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு பிரிவில் ஒரு புள்ளியே உண்டு. அவர் முன்மொழிந்து எஞ்சியிருக்கும் பெயர்களிடையே அது சமமாகப் பங்கிடப்படும். ஆதரவு குறைந்தவை படிப்படியாக நீக்கப்படும். ஒரே ஐந்து பெயர்களைப் பலர் சேர்ந்து எழுதினால் அவற்றின் வலு ஐந்தாகப் பிரிந்துவிடுகின்றது. இறுதிப் பட்டியலின் தொகையும் ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தது. கணித விதியால் கூட்டு வாக்கின் வலுவைக் குறைக்கலாம். ஆனால் வாசிக்கும் வழக்கத்தைக் கணிதத்தால் உண்டாக்க முடியாது. அது கதைகள் கைக்கு வந்து சேர்வதையும் வாக்காளரின் மனச்சான்றையும் பொறுத்தது.

6

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு இவ்வரலாற்றுக்குப் புதிய பொருள் தருகின்றன. 2019 ஓகஸ்ரில் டப்ளின் மாநாட்டில் பரிசில் பெற்ற ஜெனெற் இங், பரிசிலுக்குப் பெயர் தந்த கம்பலைப் பாசிசவாதி என மேடையிலேயே கண்டித்தார். இனப்பாகுபாட்டை ஆதரித்துக் கம்பல் எழுதியவை அச்சில் உள்ளவை. கருநிறத்தவரைக் கதைத் தலைவராகக் கொண்ட தமது நாவலைக் கம்பல் ஏற்க மறுத்ததைச் சாமுவேல் டிலேனியும் பதிவு செய்துள்ளார். அம்மாதமே, அனுசரணை வழங்கிய 'அனலொக்' சஞ்சிகையினர் பரிசிலின் பெயரை 'அஸ்ரவுண்டிங்' பரிசில் என மாற்றினர். காவலரின் பெயர் நீங்க, வாயிலின் பெயர் எஞ்சியது.

இரண்டாவது நிகழ்ச்சி 2023 இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த மாநாட்டோடு தொடர்புடையது. முன்மொழிவில் ஆதரவு பெற்றிருந்த ஷிரான் ஜே சாவோ, தக்க விளக்கமின்றித் தகுதியற்றவரென இறுதிப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார். நிர்வாகிகள் எழுத்தாளர் சிலரின் அரசியற் பின்னணியை ஆராய்ந்தமை 2024 பெப்ரவரியில் கசிந்த மின்னஞ்சல்களால் வெளிப்பட்டது. வாசகரிடமிருந்த தீர்ப்பு மீண்டும் காவலரிடம் சென்றுவிட்டதோ என்ற ஐயம் பரவியது. 2024 இல் கிளாஸ்கோ மாநாடு சாவோவின் தகுதிக்காலத்தை நீடித்தது. வாக்காளர் அவரையே தெரிந்தெடுத்தனர். அவ்வாண்டே, வேறொரு போட்டியாளரை வெல்லச் செய்யும் நோக்குடன் அளிக்கப்பட்டதாகக் கண்டறியப்பட்ட 377 வாக்குகளையும் அம்மாநாடு செல்லாதனவாக்கியது. அங்கத்துவக் கட்டணம் வாக்குரிமையைத் தருமெனில், பணமுடையார் வாக்குகளை விலைக்கு வாங்கலும் கூடும் என்ற ஆபத்து அதனால் வெட்டவெளிச்சமாயிற்று.

7

இவ்வரலாறு கடல் கடந்த நாட்டாரின் உட்பூசலாக மட்டும் அமைவதன்று. ஆதர் சி. கிளார்க் இலங்கையிற் குடியேறிய 1956 ஆம் ஆண்டிலேயே அவரது 'த ஸ்டார்' என்னும் சிறுகதை ஹியூகோ பரிசிலைப் பெற்றது. அவர் அப்பொழுதே புகழ் பெற்றிருந்த ஆங்கிலேயர். அவரது பெயரே அவரது கதையைக் கொண்டு சென்றது. இலங்கையரான வஜ்ர சந்திரசேகரவின் நிலை வேறு. அவர் பல ஆண்டுகளாகத் தம் சிறுகதைகளை இணையச் சஞ்சிகைகளில் வெளியிட்டு வந்தார். 2023 இல் வெளிவந்த 'த செயின்ட் ஒவ் பிரைட் டோர்ஸ்' என்னும் அவரது முதல் நாவல் 2024 இல் நெபியூலா பரிசிலைப் பெற்றது. நியூயோர்க்கின் சஞ்சிகைக்குத் தபாற்கட்டணம் கட்டிக் கதையனுப்பி, மறுமொழிக்கு மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், கொழும்பிலிருந்து எழுதும் புதியவரொருவர் வாக்காளரிடையே அறிமுகமாவது எளிதன்று. இதனால், கதைகள் தடையின்றிப் பரவுதலென்பது மையத்துக்கு வெளியே வாழ்வோருக்கே பெரிதும் வேண்டப்படுவது என்பது பெறப்படும்.

தொகுத்து நோக்குமிடத்து, 1953 முதல் இன்றுவரை புதிய எழுத்தாளரின் போட்டி ஏனைய எழுத்தாளருடன் மட்டும் நிகழ்ந்ததன்று. வாசிக்கப்படாமையுடன் நிகழ்ந்ததும் ஆகும். சஞ்சிகை ஆசிரியரின் மறுப்பு, தொகுதியின் தாமதம், மின்னூலின் மிகுதி, கூட்டுப் பட்டியலின் ஆரவாரம், நிர்வாகியின் இரகசியம் என அவ்வாசிக்கப்படாமை காலந்தோறும் வேற்றுருக் கொண்டு வந்துள்ளது. தம் கதையை வாக்காளரின் கையிற் கொடுக்கும் புதிய எழுத்தாளர் வாக்கை இரப்பவரல்லர். வாசித்தபின் மறுக்கும் உரிமையையும் சேர்த்தே அவர் வாக்காளருக்கு வழங்குகின்றார். பெயர்ப்பட்டியலை நீட்டுபவரோ அவ்வுரிமையை வேண்டாமென்கின்றார். இவ்விரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை வாக்காளர் உணருந்தோறுமே வாசகர் வழங்கும் பரிசில் அப்பெயருக்கு உரியதாகும்.